நாற்பத்தாறு கேள்விகளும் இரண்டு கட்டைவிரல்களும்

நான் யாரையும் பழிவாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விசாரணைக்கு வந்த மூன்று பேரும் இதைத்தான் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "மனசுல ஏதாவது வச்சிருந்தீங்களா?" என்றார்கள். மனசில் என்ன இருக்கிறது என்று கேட்க அவர்களுடைய நாற்பத்தாறு கேள்விகளில் ஒரு கேள்விகூடக் கிடையாது. நான் விதிப்படி நடந்தேன். விதியை எழுதியவரிடமே விதிப்படி நடந்தேன், அவ்வளவுதான்.

நான் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருபத்திரண்டு வருஷமாக அதே இரண்டு அறை, அதே கட்டில், மழை வந்தால் அதே மூலையில் ஒழுகும் அதே கூரை. டாக்டர் புதன்கிழமை வருவார் என்று பலகையில் எழுதியிருக்கிறது. எந்தப் புதன்கிழமை என்று எழுதவில்லை. ஒன்பது கிராமத்துக்கும் நானும் ஆயாம்மாவும்தான் மொத்தப் பட்டாளம். பெரிய ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர். காலை பத்து இருபதுக்கு ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஆகவே காய்ச்சல், பிரசவம், கடி, வெட்டு, சுளுக்கு எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். கை என்று எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பொறுங்கள், வரிசையாகச் சொல்கிறேன்.

ஒருநாள் தலைமையிடத்திலிருந்து கடிதம் வந்தது. கிராமத்து நர்ஸ்கள் எல்லோரும் பதினான்கு நாள் தொழில்நுட்பப் பயிற்சிக்கு வரவேண்டும், ஆளுக்கொரு டேப்லெட் தரப்படும் என்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், நான் ஆசையாகத்தான் கிளம்பினேன். ஒரு புண்ணைப் படம் பிடித்து அனுப்பி, "டாக்டர், இது என்ன?" என்று அந்த நிமிஷமே கேட்க முடியுமானால் எனக்குத்தானே நிம்மதி. என் வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். அன்று லாரியிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். "படிச்சு முடிச்சிட்டு எங்களையெல்லாம் மறந்துடாதே" என்று கிண்டல் வேறு.

பயிற்சி மையத்தில் குளிரூட்டிய பெரிய கூடம். நாற்பது நர்ஸ்கள். ஒவ்வொருத்தர் முன்னாலும் மேசைமேல் ஒரு அட்டை. சாதாரண அட்டைதான், செருப்புப் பெட்டி அட்டை. அதன்மேல் டேப்லெட்டின் படத்தை ஒட்டியிருந்தார்கள். அசல் டேப்லெட் "வந்துகொண்டிருக்கிறது" என்றார்கள். பதினான்கு நாளும் அது வந்துகொண்டே இருந்தது.

முதல் நாள் இயக்குநர் பேசினார். ஆள் நல்ல உயரம், குரல் அதைவிட உயரம். வாயைத் திறந்தால் கடைவாய்ப் பல்வரை தெரியும்.

"நான் இந்தத் துறையில முப்பத்தொரு வருஷம் இருக்கேன். இந்த முப்பத்தொரு வருஷத்துல ஒரு நோயாளியைக்கூட நான் தொட்டது கிடையாது. அதனாலதான் எனக்கு நோயாளியைப் பத்தி ஒரு முழுப் பார்வை இருக்கு. நீங்கள்லாம் பக்கத்துல நின்னு பார்க்கறீங்க. பக்கத்துல நின்னா என்ன தெரியும்? காய்ச்சல் தெரியும், ரத்தம் தெரியும். தகவல் தெரியுமா?"

எல்லோரும் கை தட்டினோம். தட்டவில்லை என்றால் வருகைப் பதிவு போட மாட்டார்களாம்.

"மனுஷன் பொய் சொல்லுவான். திரை பொய் சொல்லாது. ஆகவே இனிமே ஒரே ஒரு விதி. நோயாளியைத் தொடும் முன் திரையைத் தொடு! எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க!"

சொன்னோம். மூன்று தடவை சொன்னோம். பின்வரிசையில் ஒருத்தர் நான்காவது தடவையும் சொல்லிவிட்டு அசடு வழிந்தார்.

பயிற்சியாளருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். இதற்கு முன் துணி துவைக்கும் இயந்திரம் விற்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவராம். பழக்கதோஷத்தில் நோயாளியை "கஸ்டமர்" என்பார். அட்டையில் பொத்தான் படம் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, வாயாலேயே "டிங்" என்று சொல்ல வேண்டும். நாற்பது பேர் சேர்ந்து டிங், டிங், டிங். கல்யாணமாகிப் பேரப்பிள்ளை எடுத்தவர்கள் எல்லாம் டிங். டீ கொட்டி என் அட்டை ஊறிப் போய்விட்டது. ஓடி வந்து பார்த்தவர், "மேடம், உங்க டேப்லெட் ஹேங் ஆயிடுச்சு. ரீஸ்டார்ட் பண்ணணும்" என்றார். ரீஸ்டார்ட் என்றால் அட்டையைக் குப்புறப் போட்டு இருபதுவரை எண்ணுவது. எண்ணினேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், எண்ணினேன்.

அடுத்து விரல் பயிற்சி. ஆள்காட்டி விரலை நாற்பத்தைந்து பாகை சாய்த்து, நகம் படாமல் தொட வேண்டும். நான் பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திவிட்டேன். பயிற்சியாளர் முகம் சுளித்தார்.

"கட்டைவிரல் வேணாம் மேடம். அது படிக்காதவங்க ரேகை வைக்கிற விரல். தொழில்நுட்பத்துல அதுக்கு வேலையே கிடையாது. மடக்கி வச்சுக்கோங்க."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. நீங்களும் மறக்காதீர்கள்.

ஒவ்வொரு நோயாளியிடமும் திரை நாற்பத்தாறு கேள்வி கேட்கும் என்று அதற்குள் சொல்லியிருந்தார்கள். ஆறாம் நாள் நான் ஒரு கேள்வி கேட்டேன். "சார், ஒருத்தர் ரத்தம் கொட்டக் கொட்ட வர்றார்னு வைங்க. அப்பவும் நாப்பத்தாறு கேள்வியும் கேட்டு முடிச்சிட்டுத்தான் தொடணுமா?"

"நல்ல கேள்வி" என்றார். "அந்த மூலையில 'நல்ல கேள்விகள்'னு ஒரு பெட்டி இருக்கு பாருங்க. எழுதி அதுல போட்டுடுங்க."

போட்டேன். பெட்டிக்குப் பூட்டு போட்டிருந்தது. சாவி யாரிடம் என்று கேட்டேன். அதுவும் நல்ல கேள்வி என்றார்.

பதினான்காம் நாள் சான்றிதழ். வீட்டுக்கு வந்த பிறகும் விரல் நிற்கவில்லை. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் தட்டிக்கொண்டிருந்தேன்போல. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டி, தட்டுல என்ன டிங் டிங்? பூசணிக்காய்க்குப் பதிவு போடறியா?" என்றார்.

மூன்று மாதம் கழித்து அசல் டேப்லெட் வந்தது. பொத்தான்கள் எல்லாம் அட்டையில் இருந்ததற்கு நேர் எதிர்ப்பக்கம். அது போகட்டும். கூடவே மணிக்கட்டில் போட்டுக்கொள்ள ஒரு பட்டை வந்தது. மனித உடம்பின் சூடு பட்டால் அதற்குத் தெரிந்துவிடும். நாற்பத்தாறு கேள்வி, வாயை மூடிய நிலையில் ஒரு புகைப்படம், கடைசியில் நோயாளி தன் வாயாலேயே "ஆம், சம்மதிக்கிறேன்" என்று சொல்லும் குரல் ஒப்புதல். இத்தனையும் முடிந்தால்தான் திரை பச்சையாகும். அதற்கு முன்னால் தொட்டால் பட்டை கீச்சென்று கத்தும், தலைமையிடத்தில் எங்கள் நிலையத்தின் பேரில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். வேலை நேரத்தில் பட்டையைக் கழற்றினால் அதற்கும் ஒரு சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் நிலையத்தைப் பூட்டிவிடுவார்கள். ஒன்பது கிராமமும் நாற்பது கிலோமீட்டர் போகவேண்டியதுதான். ஆம்புலன்ஸைக் கூப்பிடும் பொத்தானும் அந்தத் திரைக்குள்ளேயே இருந்தது, நாற்பத்தாறாவது கேள்விக்கு அந்தப் பக்கம்.

காகிதமும் தடை. வாசலில் "காகிதமில்லா நிலையம்" என்று பலகை மாட்டினார்கள். இருபத்திரண்டு வருஷமாக வந்தவர் பேர், வந்த நேரம், செய்த வைத்தியம் எல்லாம் நான் எழுதிவந்த நீள நோட்டை எரிக்கச் சொன்னார்கள். ஆயாம்மா அதைப் பஞ்சு மூட்டைக்கு அடியில் வைத்தார். "எரிச்சாச்சு" என்று நான் எழுதிக் கொடுத்தேன். காகிதத்தில்தான் எழுதிக் கேட்டார்கள்.

முதல் சிவப்பு ஒரு குழந்தையால் வந்தது. ஆட்டோவிலேயே பிரசவம். வாசலில் வண்டி நிற்கும்போது குழந்தை வெளியே வந்துவிட்டது. அழவில்லை, நீலமாகக் கிடந்தது. திரை, "நோயாளியின் கல்வித் தகுதி?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. நான் குழந்தையைத் தூக்கி முதுகைத் தேய்த்தேன். பட்டை கத்தியது. அடுத்த நொடி குழந்தை அதைவிடச் சத்தமாகக் கத்தியது. பத்து நாளில் மெமோ வந்தது. "பிறந்த குழந்தையின் குரல் ஒப்புதல் ஏன் பெறப்படவில்லை?" என்று கேட்டிருந்தார்கள். "பெறப்பட்டது, அழுதது" என்று பதில் எழுதினேன். "அழுகை ஒப்புதல் ஆகாது" என்று அதற்கும் பதில் வந்தது.

இரண்டாவது சிவப்பு அடுத்த வருஷம், ஒரு வெளியூர் லாரி டிரைவரால். கொட்டாவி விட்டிருக்கிறார், தாடை நழுவிவிட்டது. வாயை மூட முடியவில்லை, எச்சில் ஒழுக ஒழுக, கண்ணில் தண்ணீரோடு வந்து நின்றார். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றி, கீழ்க் கடைவாய்ப் பல்மேல் வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினால் உட்கார்ந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை. செய்தேன். பட்டை கத்தியது. "குரல் ஒப்புதல் ஏன் இல்லை?" என்று மெமோ. "நோயாளியின் வாய் திறந்தே இருந்தது" என்று எழுதினேன். அதற்கு இயக்குநரே கையெழுத்துப் போட்டுப் பதில் அனுப்பியிருந்தார்: "வாய் திறந்திருந்தால் பேசுவதற்கு என்ன தடை?"

அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு ஆயாம்மா அதை நாலாக மடித்தார். பிறகு, "இவர் நல்லாயிருக்கணும்" என்றார். சொன்ன விதத்தில் வாழ்த்து இல்லை.

இரண்டு சிவப்பு ஆகிவிட்டது. இனி ஒன்று விழுந்தால் பூட்டு. எனக்குத் தூக்கம் போயிற்று. என் வேலை போவதைப் பற்றி இல்லை, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு மறுபடி வயிற்றில் ஆறு மாதம். அடுத்ததும் ஆட்டோவில்தான் பிறக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்பது கிலோமீட்டர் தாங்குமா? தாங்காது. அதனால் அடுத்து யார் வந்தாலும் விதிப்படிதான் என்று முடிவு செய்துகொண்டேன். எப்படியாவது நிலையம் திறந்திருக்க வேண்டும்.

அடுத்து வந்தவர் பட்டறை அண்ணன்.

எதிர்த் தெருவில் மரம் அறுக்கும் பட்டறையில் ரம்பம் ஓட்டுகிறவர். எங்கள் நிலையத்துக் கட்டில் கால் ஆடியபோது காசு வாங்காமல் ஆப்பு வைத்துக் கொடுத்தவர். அன்று காலை பத்துப் பத்துக்கு வலது கையைச் சட்டையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டு விரல் தோலில் தொங்கியது. ஆயாம்மா அன்றைக்கு லீவு.

பஸ்ஸுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அழுத்திக் கட்டி, கையை உயர்த்திவைத்து ஏற்றிவிட்டால் நேரே பெரிய ஆஸ்பத்திரி. கட்டு மூன்று நிமிஷ வேலை. நான் மேசைமேல் கட்டுத்துணியை எடுத்து வைத்துவிட்டு டேப்லெட்டைக் கையில் எடுத்தேன்.

"இன்னொரு கையால அழுத்திப் பிடிங்கண்ணே. பிறந்த தேதி சொல்லுங்க."

சொன்னார். திரை சுற்றிச் சுற்றி நின்றது. கல்வி கேட்டது. வீட்டுக் கூரை ஓடா, தகரமா என்று கேட்டது. ரத்தம் முழங்கை வழியாகத் தரையில் சொட்டியது. முப்பத்தெட்டாவது கேள்வி, "வீட்டில் ஜன்னல்கள் எத்தனை?"

"தங்கச்சி" என்றார். குரல் ரொம்ப மெதுவாக வந்தது. "எப்பம்மா தொடுவே?"

வாசலில் பஸ் ஹாரன் அடித்தது. கிளம்பிப் போகிற சத்தம் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. "ரெண்டு ஜன்னல்" என்றார்.

பத்து இருபத்தொன்றுக்குத் திரை பச்சையாயிற்று. நான் தொட்டேன். ஆம்புலன்ஸ் இரண்டு மணி நேரம் கழித்து வந்தது. ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் ஒட்டவைத்திருக்கலாம் என்று பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னாராம். இரண்டு விரலும் போயிற்று. ரத்தத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் டேப்லெட்டில் ஒரு மஞ்சள் பூ சிரித்துக்கொண்டிருந்தது. "வாழ்த்துகள்! முதன்முறையாக அவசர சிகிச்சையிலும் விதிப்படி நடந்தீர்கள்!"

அன்று வீட்டுக்குப் போய்த் திண்ணையில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். நான் வெடுக்கென்று விலகினேன். பட்டை கழற்றித்தான் இருந்தது, ஆனாலும் விலகினேன். இரண்டு நாள் கழித்து அண்ணனைப் பார்க்கப் போனேன். "நீ என்ன செய்வே, விடு" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கதை இங்கேதான் முடிகிறது என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. எனக்கு விருது வந்தது.

"சிறந்த தொடுதிரை நர்ஸ்" என்று விருது. இரண்டு தவறு செய்து மூன்றாவதில் திருந்தியவளாம் நான். பதினொரு நிமிஷம் தொடாமல் இருந்தது சாதனையாம். இயக்குநர் நேரில் வந்து, எங்கள் நிலையத்திலேயே மேடை போட்டுக் கொடுப்பாராம். "பயனடைந்த நோயாளி" மேடையில் நன்றி சொல்ல வேண்டுமாம். துணை இயக்குநர் போனில், "அந்தக் கையோடயே வரச் சொல்லுங்க, போட்டோவுல தெரியணும்" என்றார்.

போய் அண்ணனிடம் சொன்னேன், வராதீங்க என்றும் சொன்னேன். அவர், "வர்றேன் தங்கச்சி. அவரை ஒரு தடவ பக்கத்துல பார்க்கணும்" என்றார்.

விழா அன்று வாசலில் பந்தல். ஒன்பது கிராமமும் வந்திருந்தது. இயக்குநர், துணை இயக்குநர், நம் பழைய பயிற்சியாளர் எல்லோரும் மேடையில். துணை இயக்குநர் இயக்குநரை அரை மணி நேரம் புகழ்ந்தார். பிறகு இயக்குநர் எழுந்தார்.

"இந்த நர்ஸ் பதினொரு நிமிஷம் காத்திருந்தாங்க. ரத்தம் ஓடுது, காத்திருந்தாங்க. நோயாளி கதறுறார், காத்திருந்தாங்க. இதுதான் பயிற்சி! ரெண்டு விரல் போனதா சொல்றாங்க. போகட்டும். நமக்கு நாப்பத்தாறு பதில் கிடைச்சிருக்கே!"

மேடையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அண்ணன் கதறவே இல்லை. ஜன்னலை எண்ணித்தான் சொன்னார்.

"சில பேர் குரல் ஒப்புதல் கஷ்டம்னு புகார் எழுதறாங்க" என்று இயக்குநர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ன கஷ்டம்? இப்ப நானே நோயாளியா உட்கார்ந்து செஞ்சு காட்டறேன். சிஸ்டர், என் பேர்ல பதிவை ஆரம்பிங்க."

ஆரம்பித்தேன். கேள்வியெல்லாம் பிறகு, முதலில் குரலைப் பதியலாம் என்று அவரே அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். டேப்லெட்டை வாயருகே பிடித்தேன்.

"ஆம், சம்மதிக்கிறேன்" என்றார் கம்பீரமாக.

"சரியாகக் கேட்கவில்லை. வாயை நன்றாகத் திறந்து மீண்டும் சொல்லவும்" என்றது டேப்லெட்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் இன்னும் பெரிதாக, "ஆம், சம்மதிக்கிறேன்!" என்றார். சரியாகக் கேட்கவில்லையாம். நான்காவது தடவை கழுத்து நரம்பு புடைத்தது. ஐந்தாவது தடவை வாயை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து, "ஆஆஆ" என்று ஆரம்பித்தார். காதுக்குக் கீழே சொடக்குப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அந்த "ஆ" அப்படியே நின்றுவிட்டது.

பதினொன்று ஐந்து. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பழக்கம்.

கூட்டம் இன்னும் பேச்சுதான் போகிறது என்று நினைத்துக் கை தட்டியது. எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. மூச்சு சீராக வருகிறதா, உதடு நீலமாகிறதா என்று தள்ளி நின்றே கவனித்தேன். ஆபத்து ஒன்றும் இல்லை, வலி மட்டும்தான். நல்ல வலி.

"என்ன ஆச்சு சாருக்கு? ஏதாவது செய்யுங்க சிஸ்டர்!" என்று துணை இயக்குநர் பதறினார்.

"தாடை நழுவியிருக்கு சார். ரெண்டு நிமிஷ வேலை" என்றேன்.

"அப்ப செய்யுங்களேன்!"

நான் மணிக்கட்டைத் தூக்கிப் பட்டையைக் காட்டினேன். "எங்களுக்கு ரெண்டு சிவப்பு ஆயிடுச்சு சார். இப்பத் தொட்டா மூணு. நிலையத்தைப் பூட்டிடுவீங்க. பதிவை முடிச்சிட்டுத் தொடறேன். சார், பிறந்த தேதி?"

"ஆ" என்றார் இயக்குநர்.

துணை இயக்குநரே பதில் சொன்னார். கல்வி, கூரை, குடிநீர். சரசரவென்று போயிற்று. முப்பத்தெட்டாவது கேள்வியில் அவருக்குப் பதில் தெரியவில்லை. "சார், வீட்டுல ஜன்னல் எத்தனை?" என்று நான் இயக்குநரிடம் கேட்டேன். அவர் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். இன்னொரு தடவை பத்து. இன்னொரு தடவை நாலு. அண்ணன் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்தது புகைப்படம். "வாயை மூடவும்" என்றது திரை. ஆறு தடவை எடுத்தோம். ஆறு தடவையும், "வாயை மூடவும், வாயை மூடவும்." துணை இயக்குநர் கைக்குட்டையால் இயக்குநரின் வாயை மறைத்துப் பிடித்தார். "முகம் தெரியவில்லை" என்றது.

"வண்டியில ஏத்துங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்!" என்றார் துணை இயக்குநர். ஏற்றினார்கள். கார் தெருமுனைப் பள்ளத்தில் ஒரு தடவை குலுங்கியது. அங்கிருந்து "ஆஆ" என்று ஓர் அலறல் பந்தல்வரை கேட்டது. கார் அப்படியே பின்னாலேயே திரும்பி வந்தது. அந்தப் பள்ளத்தில்தான் எங்கள் கர்ப்பிணிகள் எல்லோரும் போய்வருகிறார்கள்.

பயிற்சியாளர் கையைப் பிசைந்துகொண்டு என் காதருகே வந்தார். "மேடம், சாரைக் கொஞ்சம் குப்புறப் படுக்க வச்சு இருபது எண்ணிப் பார்க்கலாமா?"

"நல்ல கேள்வி" என்றேன்.

பிறகு உதவி எண்ணுக்குப் போன் போட்டார்கள். கால் மணி நேரம் பாட்டு. அப்புறம் ஒரு பெண் பேசினாள். ஒலிபெருக்கியில் வைத்ததால் எல்லோருக்கும் கேட்டது.

"விதிவிலக்கு கொடுக்கலாம் சார். ஆனா இயக்குநர் தன்னோட குரல்ல அனுமதி சொல்லணும்."

"இயக்குநர்தாம்மா நோயாளி!"

"ரொம்ப நல்லது சார், பக்கத்துலயே இருக்கார். பேசச் சொல்லுங்க."

போனை இயக்குநரின் வாயருகே பிடித்தார்கள். "ஆ... ஆஆ... ஆ!"

"குரல் பொருந்தலை சார். இயக்குநர் மாதிரி பேசிக் காட்டறது தண்டனைக்குரிய குற்றம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இயக்குநர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. எச்சில் கோட்டில் சொட்டியது. நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து என்னையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக வலியோடு வருகிறவர்கள் என்னை அப்படித்தான் பார்ப்பார்கள். என் கை தானாக எழுந்தது. சொல்லக் கூச்சமில்லை, எழுந்தது. அப்போது அண்ணன் எழுந்து போய் அவர் எதிரில் குந்தி உட்கார்ந்தார்.

"பொறுத்துக்கோங்க சார்" என்றார் ஆதரவாக. "நாப்பத்தாறு கேள்விதான். நானும் உட்கார்ந்தேன். முடிஞ்சிரும். வலிச்சா ஜன்னலை எண்ணிப் பாருங்க, எனக்கு ரெண்டுதான் இருந்துச்சு, உங்களுக்கு இருபத்தி நாலு இருக்கே."

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் கையைக் கீழே போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இருபத்திரண்டு வருஷத்தில் என் கை அவ்வளவு சுகமாகச் சும்மா இருந்ததில்லை.

இயக்குநர் காற்றில் எழுதிக் காட்டினார். "பேப்பர்! சார் பேப்பர் கேட்கறார்!" என்று துணை இயக்குநர் கத்தினார்.

"பேப்பர் இல்லை சார்" என்று வாசல் பலகையைக் காட்டினேன். "காகிதமில்லா நிலையம்."

ஆயாம்மா உள்ளே போனார். அவசரமே படாமல் போனார். பஞ்சு மூட்டையை நகர்த்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, எரிக்கப்பட்ட நோட்டை இயக்குநரின் மடியில் வைத்தார். பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார்.

இயக்குநர் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். "தொடு."

"யாரு, யாரை, எந்த விதிப்படின்னு இல்லையே சார்" என்றேன். "நாளைக்கு மெமோ வந்தா நான் என்னத்தைக் காட்டறது?"

அவர் முறைத்தார். வாயைத் திறந்துகொண்டு ஒரு மனிதர் முறைப்பதை நீங்கள் பார்த்ததில்லை. அதில் ஒரு பயமும் வராது. பிறகு எழுதினார். நான் நிதானமாகச் சொல்லச் சொல்ல எழுதினார். இந்த நிலையத்துக்கு நோயாளியைத் தொட எந்த ஒப்புதலும் பதிவும் முன்கூட்டித் தேவையில்லை. ஏற்கெனவே விழுந்த இரண்டு சிவப்பும் ரத்து. நிலையம் பூட்டப்படாது. பட்டையைக் கழற்றலாம். ஆம்புலன்ஸை நேரடியாகக் கூப்பிடலாம். கையெழுத்து, தேதி. துணை இயக்குநர் முத்திரை குத்தினார்.

"ரெண்டு விரலைப் பத்தியும் ஒரு வரி எழுதச் சொல்லவா அண்ணே?" என்று கேட்டேன்.

"அது வேணாம்" என்றார் அண்ணன். "அவர் எழுதினா என்ன, எழுதாட்டி என்ன."

பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். இரண்டு கட்டைவிரலிலும் துணி சுற்றினேன். பயிற்சியாளர் பார்க்கட்டும் என்று கொஞ்சம் தூக்கிப் பிடித்தே சுற்றினேன். இயக்குநரின் தலையைச் சுவரில் சாய்த்து, கீழ்க் கடைவாயில் விரலை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளினேன். சொடக். வாய் மூடியது. சரியாகப் பன்னிரண்டு ஒன்று.

தாடையைத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் பழையபடி உப்பியது. "நீ... உன்னை நான்..." என்று ஆரம்பித்தார்.

"வாயை மூடுங்க சார்" என்றேன்.

இயக்குநர் கையைத் தாடையில் வைத்துக்கொண்டார்.

"பெருசாத் திறந்தா மறுபடி கழண்டுடும். ஆறு வாரத்துக்குப் பேச்சு, கூட்டம், கோஷம் எதுவும் கூடாது. இது வைத்தியம்" என்று சொல்லி, தலை உச்சியிலிருந்து தாடைக்கு அடிவரை நான்கு சுற்றுக் கட்டுப் போட்டு, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டேன். விருதை அந்தக் கட்டோடுதான் கொடுத்தார். போட்டோவில் தெரிகிறது.

விசாரணைக்கு வந்தவர்கள் நோட்டைப் பார்த்தார்கள், கையெழுத்தைப் பார்த்தார்கள், மிரட்டி வாங்கினாயா என்றார்கள். நான் அவரைத் தொடக்கூட இல்லையே என்றேன். போய்விட்டார்கள். நிலையம் திறந்திருக்கிறது. அந்த அம்மாவுக்கு இரண்டாவதும் ஆட்டோவில்தான் பிறந்தது. பெண். நான் தூக்கிய நொடியே அழுதது.

விழா அன்று எல்லோரும் போன பிறகு நோட்டைத் திருப்பினேன். இயக்குநர் எழுதியதற்கு மேலே அந்தப் பக்கத்தில் இடம் இருந்தது. காகிதத்துக்குத் தடை என்று நான் அண்ணனை நோட்டில் எழுதவே இல்லை. அவரை உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன். மரப்பட்டறை, வலது கை, இரண்டு விரல். வந்த நேரம் பத்துப் பத்து. தொட்ட நேரம் பத்து இருபத்தொன்று. அதற்குக் கீழே: இயக்குநர், தாடை. நழுவியது பதினொன்று ஐந்து. தொட்டது பன்னிரண்டு ஒன்று.

அண்ணன் எட்டிப் பார்த்துக் கழித்துப் பார்த்தார். "அம்பத்தாறு நிமிஷம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "போதுமா தங்கச்சி?" என்று கேட்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக் கட்டைப் பிரித்தேன். மூன்று விரல்தான் இருந்தது.

"போதலைண்ணே" என்றேன்.